காத்துப்புடுங்கியும் கறுப்பு மேகமும்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. வாக்காளர் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் அது பத்திரமாக உட்கார்ந்திருந்தது. மற்றபடி, அவர் வேலை பார்த்த வானொலித் தொலைநோக்கி நிலையத்தில் வாசற்காவலர் தொடங்கி இயக்குநர் வரை எல்லோரும் அவரைக் காத்துப்புடுங்கி என்றுதான் சொன்னார்கள். முழுசாகச் சொன்னால் அது வேலையின் பெயர். பாதியாகச் சொன்னால் வசவு. எலெக்ட்ரீஷியன் ஒருவர் மட்டும் சிநேக உரிமையில் பாதியாகச் சொல்வார்.

வேலையே அதுதான். வானொலித் தொலைநோக்கி என்றால் கண்ணை வைத்துப் பார்க்கிற குழாய் இல்லை. ஒரு வீட்டையே கவிழ்த்துக் கொட்டினாலும் கொள்கிற பெரிய உலோகத் தட்டு. ஆகாயத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை அது ஏந்திப் பிடித்து, பின்புறக் கூண்டில் இருக்கும் ஒரு பெட்டிக்குள் அனுப்பும். அந்த அலைகள் அத்தனை மெலிசு. கேட்கிற கருவியே கொஞ்சம் சூடாக இருந்தால், அதன் சொந்த இரைச்சலில் வானத்துச் சத்தம் அமுங்கிப் போகும். அதனால் பெட்டிக்குள் இருக்கும் காற்றை எல்லாம் பம்பு வைத்துப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஹீலியம் ஓடும் குளிர் எந்திரத்தை ஓட்டி, உள்ளே இருப்பதை விறைக்க விறைக்கக் குளிர வைக்க வேண்டும். பிடுங்கி எறிய நாட்கணக்கில் ஆகும். ஒரு தலைமுடி உள்ளே விழுந்தாலும் காரியம் கெட்டது. அவர் கையுறை போட்டுக்கொண்டு, மூச்சைக்கூட ஒருபக்கமாகத் திருப்பி விட்டுக்கொண்டு வேலை செய்வார்.

எதையும் லேசாக எடுத்துக்கொள்ளத் தெரியாத மனிதர் அவர். ஊரில் எல்லோரும் கேட்டுவிட்டு, "அப்படியா?" என்று கொட்டாவி விடுகிற சேதி அவர் காதில் விழுந்தால் திக்கென்று உட்கார்ந்துவிடுவார். சோறு இறங்காது. அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். குண்டும் குழியும் பார்த்துப் பழகியவள். "உங்க நெஞ்சுல ஷாக் அப்சார்பரே வெக்காம அனுப்பிட்டாங்கங்க" என்பாள்.

வாலிபத்தில் அவர் ஒரு ஐஸ் ஃபாக்டரியில் இருந்தார். ஐஸ் உறைய அம்மோனியா வாயுதான் குழாய்களில் ஓடும். ஒருநாள் குழாயின் மூட்டு ஒன்று வெடித்தது. ஈரத் துணியை மூஞ்சியில் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட ஓடினார்கள். எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டுக் கடைசியாக வந்த ஃபோர்மேனுக்குப் பார்வை போயிற்று. இனிமேல் அம்மோனியா இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று அன்றைக்கே வேலையை விட்டவர், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை ஒன்றில் சில காலம் இருந்து, அங்கிருந்து இந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

மேடம் வந்தது அதற்கப்புறம். மேடம் என்றால் விண்மீன்கள் பிறக்கிற மேகங்களை ஆராய்கிற விஞ்ஞானி. சிறுகூடான உடம்பு, பெரிய கைப்பை, எதற்கும் அசையாத முகம். வந்த முதல் நாளே கூண்டுக்குள் ஏறி, காத்துப்புடுங்கியின் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது நல்லா குளிருமில்ல? நான் கேக்கப் போறது அம்மோனியா" என்றார்.

அவர் கை தானாக மூக்குக்குப் போயிற்று.

"அம்மோனியாவா? எங்க மேடம்?"

"மேல. மேகத்துல."

"மேகத்துல அம்மோனியா கசியுதா?"

மேடம் சிரிக்கவில்லை. எப்போதுமே அவர் கேள்விகளை மேடம் கேள்விகளாகவே எடுத்துக்கொள்வார். மற்றவர்கள்போல் பட்டப்பெயர் சொல்லாமல் அவரை மெக்கானிக் என்றே கூப்பிடுவார். மழை மேகம் இல்லை, விண்மீன்களுக்கு நடுவில் கிடக்கிற வாயு மேகம். பெரும்பாலும் ஹைட்ரஜன், கூடவே தூசு, அங்கங்கே கொஞ்சம் அம்மோனியா. அதிகமாக இருக்கிற ஹைட்ரஜன் அந்தக் குளிரில் வாயே திறக்காது, அம்மோனியாதான் பேசும். அது பேசுகிற இடத்தில் வாயு கெட்டியாகச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கெட்டியாகச் சேருகிற இடத்தில்தான் விண்மீன் பிறக்கும்.

ஃபோர்மேனின் கண்ணைப் பறித்த சனியன் ஆகாயத்தில் விண்மீனுக்குத் தொட்டில் கட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. அந்த மலைப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. இந்த வட்டாரத்திலேயே அதிகக் குளிரான இடம் தன் பெட்டிக்குள்தான் என்று அவருக்கு ஒரு பெருமை. அதைச் சொன்னபோது மேடம், "அந்த மேகம் உங்க பெட்டியை விடக் குளிர்" என்றார். சரி, போகட்டும். "ஆனா மேடம், காத்தே இல்லாத இடம்னா அது நம்ம பெட்டிதான். உங்க மேகம் கெட்டியாச்சே?"

"நீங்க எவ்வளவு பிடுங்கினாலும் பெட்டிக்குள்ள மிச்சம் கொஞ்சம் காத்து இருக்கும் இல்லையா? அதே அளவு இடத்துல அந்த மேகத்தை எடுத்து அடைச்சா, மிச்சக் காத்துல லட்சத்துல ஒரு பங்குகூடத் தேறாது."

"எது, கெட்டியா இருக்கற இடமா?"

"கெட்டியா இருக்கற இடம்தான்."

அவர் பம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஆயுசு பூராவும் ஒன்றுமில்லாததை உண்டாக்கப் பாடுபட்டவர். அவர் 'ஒன்றுமில்லை' என்று மூடி போட்டதைவிட ஒன்றுமில்லாத ஒன்றிலிருந்து சூரியன்கள் பிறக்கின்றன என்று ஒருத்தர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொல்கிறார்!

"எப்படி மேடம் சேரும்?"

"இடம் பெருசு மெக்கானிக். ஒளியே அதைக் கடக்க வருஷக்கணக்கா ஆகும். அவ்வளவு தூரத்துக்கு விரிஞ்சு கிடக்கறது, தன்னோட கனத்தாலயே உள்ளுக்குள்ள இழுக்கும். முதல்ல நூல் நூலா திரளும். நூல்கள் சந்திக்கிற இடத்துல முடிச்சு விழும். முடிச்சு இறுகி இறுகிச் சூடாகி, நடுவுல விண்மீன்."

"ஒண்ணு."

"ஒண்ணு இல்ல. பெரும்பாலும் விண்மீன் தனியாப் பிறக்கறதே இல்ல. கூட்டமாத்தான்."

"பூனை குட்டி போடற மாதிரியா?"

மேடம் ஸ்பூனைக் கீழே வைத்து யோசித்தார். "ஆமா. ஒரே ஈத்துல நூறு, ஆயிரம்கூட வரும். நம்ம சூரியனும் அப்படித்தான் பிறந்திருக்கும்னு நினைக்கிறோம்."

"அப்ப சூரியனுக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"இருந்தாங்க. சிதறிட்டாங்க. எங்கன்னு யாருக்கும் தெரியாது."

அன்றைக்கு அவர் நேராக வீட்டுக்குப் போனார். மனைவி சீருடையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடித்ததும், அவள் காலரைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள்: "அதுங்க புத்திசாலிங்க. என் கூடப்பிறந்ததுங்களும் இப்படிக் கண்காணாத இடத்துக்குப் போயிருந்தா, இந்த வீட்டுல ஒரு நாற்காலி காலியா இருந்திருக்கும்."

மேடம் எடுத்துக்கொண்ட மேகம் ஒரு கறுப்புத் திட்டு. படத்தில் பார்த்தால் விண்மீன்களுக்கு நடுவே யாரோ மையைக் கொட்டியதுபோல் இருக்கும். பழைய காலத்தில் அதை ஓட்டை என்றே நினைத்தார்களாம். உண்மையில் அது தூசும் வாயுவும். பின்னால் இருக்கும் விண்மீன்களை மறைக்கிற திரை. அந்த மேகம் விண்மீன் பெறாது என்பது மேடத்தின் கட்சி. அதற்குள் கொந்தளிப்பு அதிகம், முடிச்சு விழ விழக் கலைந்துவிடுகிறது, ஒன்றும் பிறந்திருக்கவும் இல்லை, இப்போதைக்குப் பிறக்கப் போவதும் இல்லை. அதைச் சொல்லித்தான் மேடம் பெயர் வாங்கினார். எதிர்க்கட்சிக்காரர்கள் மாநாடுகளில் எழுந்து கேட்ட கேள்விக்கெல்லாம் அசையாத முகத்தோடு பதில் சொன்னார். வருடங்கள் ஓடின. பெட்டி குளிர்ந்தது, மேகம் அம்மோனியாவில் முணுமுணுத்தது, மேடத்தின் தலை நரைத்தது.

அந்தக் கருவிக்கு அம்மோனியாவோடு நீராவியின் குரலும் கேட்கும். மேகத்துக்குள் பெரிய விண்மீன் பிறக்கும்போது அது சுற்றியிருக்கும் வாயுவை விழுங்குவதோடு, இரண்டு முனையிலும் வெளியே பீய்ச்சவும் செய்யும். பீய்ச்சியது மோதுகிற இடத்தில் இருக்கும் நீராவி, எல்லாம் ஒரே சுருதியில் சேர்ந்து கத்தும். மேடம் அந்தத் தடத்தையும் திறந்துதான் வைத்திருந்தார். கடமைக்குத்தான். அது எப்போதும் தட்டைக் கோடு. பிணத்தின் நாடி மாதிரி இருக்கிறது என்பார் எலெக்ட்ரீஷியன்.

ஒருநாள் காலை காத்துப்புடுங்கி பட்டறையில் ரப்பர் வளையத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் எலெக்ட்ரீஷியன் குரல்: "யோவ் புடுங்கி, சீக்கிரம் வா. உன் பெட்டிக்குப் பேய் பிடிச்சிருக்கு."

கண்ட்ரோல் ரூமில் மேடம் நின்றுகொண்டிருந்தார். திரையில் நீராவித் தடத்தில் ஒரு கோடு, ஊசி குத்தியதுபோல் நேராக மேலே போயிருந்தது. அதைத் திரைக்குள் அடக்குவதற்காகக் கணினி மற்ற எல்லாவற்றையும் சிறுத்துக் காட்டியதில், இத்தனை வருடம் அவர்கள் பொத்திப் பொத்திக் கேட்ட அம்மோனியா அடையாளமே தெரியாமல் மறைந்திருந்தது.

"மெக்கானிக், உங்க பெட்டி கசியுது. இல்லன்னா சூடாகி ஊளையிடுது. பாருங்க."

மேடம் அவர்மேல் பழி போட்டது அதுதான் முதல் தடவை. மீட்டர்களைப் பார்த்தார். காற்று இல்லை, குளிர் சரியாக இருந்தது. மறுபடி பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"பெட்டி நல்லா இருக்கு மேடம்" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "நல்லா இருக்குன்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப கேன்டீன்ல எவனோ எதையோ ஓட்டறான், அதோட அலைதான் உள்ள நுழையுது" என்றார் எலெக்ட்ரீஷியன்.

மேடம் விசைப்பலகைக்குக் குனிந்தார். வெளியே தட்டு முனகிக்கொண்டு கொஞ்சம் திரும்பியது. மேகத்தை விட்டு விலகி வெறும் வானத்தைப் பார்த்தது. திரையில் ஊசி காணாமல் போனது. தட்டைக் கோடு. மேடம் தட்டை மறுபடி மேகத்துக்குத் திருப்பினார். ஊசி. விலக்கினார், தட்டைக் கோடு. திருப்பினார், ஊசி. மூன்றாவது முறையும் அப்படியே.

கேன்டீனில் ஓடுகிற சாமானுக்குத் தட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாது. சத்தம் மேகத்திலிருந்துதான் வந்தது.

மேடம் நாற்காலியைத் தேடிப் பின்னால் கையை நீட்டினார். நாற்காலி அங்கே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கைப்பை மடியில், வாய் லேசாகத் திறந்து, கண் திரையை விட்டு அகலாமல்.

காத்துப்புடுங்கி ஆயுளில் எத்தனையோ தடவை அதிர்ந்திருக்கிறார். அம்மோனியாவுக்கு அதிர்ந்தார், சூரியனின் கூடப்பிறந்தவர்களுக்கு அதிர்ந்தார். ஆனால் சூரியன் அனாதை என்று சொல்லிவிட்டு டப்பாச் சோற்றைப் பிசைந்த இந்த அம்மாள், தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் விழிப்பதைப் பார்த்தது அவை எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி. தூணே ஆடினால் கூரைக்கு என்ன கதி? அவரும் மெதுவாகப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எலெக்ட்ரீஷியன் இருவரையும் பார்த்துவிட்டு, தண்ணீர் எடுத்துவர ஓடினார்.

"உள்ள ஒண்ணு பிறந்திருக்கு" என்றார் மேடம். "பெருசு. அது இன்னிக்கு நேத்துப் பிறந்தது இல்ல. நான் இந்த மேகத்தைத் தூங்குதுன்னு சொல்லிட்டிருந்த அத்தனை வருஷமும் அது உள்ளதான் இருந்திருக்கு."

அடுத்த நாள் ஊசி இன்னும் உயர்ந்தது. அதற்கடுத்த நாள் அதற்கும் மேல். சேதி பரவி, உலகத்தின் பல தட்டுகள் அந்தக் கறுப்புத் திட்டை நோக்கித் திரும்பின. தொலைபேசி ஓயவில்லை. மேடத்தின் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். மேடம் நன்றி சொன்ன விதத்தைக் கேட்டவர்கள் அந்த வாழ்த்தின் ருசியைப் புரிந்துகொண்டார்கள்.

பெட்டியின் தலையில் ஒரு ஜன்னல் உண்டு. கண்ணாடி இல்லை, ரேடியோ அலை நுழைய வேண்டுமே, அதற்காக மெல்லிய பிளாஸ்டிக் படலம். வெளியே இருக்கும் காற்று மொத்தமும் அந்தப் படலத்தின்மேல் இரவும் பகலும் உட்கார்ந்திருக்கும். அதற்கு வயதாகிவிட்டது, மாற்றவேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். மாற்றவேண்டுமானால் பெட்டியைச் சூடாக்கித் திறந்து, மறுபடி காற்றைப் பிடுங்கிக் குளிர வைக்க வாரக்கணக்கில் ஆகும். "இது முடியட்டும்" என்றார் மேடம். அவரும் சரி என்றார். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஒரு மதியம் பெட்டிக்குள் குளிர் லேசாகக் குறைவதுபோல் தெரிந்தது. தட்டைச் சற்று நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர் ஏணியில் ஏறிக் கூண்டுக்குள் போனார். குளிர் எந்திரம் வழக்கம்போல் சிக்-சூ, சிக்-சூ என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தின் தாளத்தை வைத்தே அதன் உடம்புக்கு என்ன என்று அவர் சொல்லிவிடுவார். காதைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோனார்.

படலம் வெடித்தது.

பீரங்கி என்று பின்னால் சொன்னார்கள். அவருக்கு அது சத்தமாகவே தோன்றவில்லை. யாரோ உலகத்தைப் பிடித்து அவர் காதில் அறைந்ததுபோல் இருந்தது. பல நாள் பாடுபட்டு அவர் வெளியே அனுப்பிய காற்று, ஒரு இமைப்பில் மொத்தமாகத் திரும்பி உள்ளே பாய்ந்தது. அவர் பின்னால் போய்க் கம்பியில் மோதி உட்கார்ந்தார். பெட்டியின் மேல் கிழிந்த படலம் படபடத்தது. உள்ளே தெரிந்த பளபளப்பான செம்பின்மேல், அவர் கண்முன்னே, வெள்ளையாக உறைபனி படர்ந்தது. இத்தனை வருடம் அவர் மூச்சுக்கூடப் படாமல் காத்த இடம்!

கீழே இறங்கி வந்தபோது எல்லோரும் ஓடி வந்தார்கள். மேடத்தின் வாய் அசைந்தது. எலெக்ட்ரீஷியனின் வாய் அசைந்தது. ஒருவரிடமிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. ஏன் இவர்கள் சும்மா வாயை அசைக்கிறார்கள் என்று அவருக்குக் கோபம்கூட வந்தது. பிறகுதான் சட்டைக் காலரில் ரத்தம் இருப்பதைப் பார்த்தார்.

மருத்துவமனைக்கு மனைவி சீருடையோடு வந்தாள். படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, கையை ஆட்டி ஆட்டி, கண்ணில் தண்ணீர் வழிய வழிய ஏதோ பொழிந்து தள்ளினாள். திட்டுகிறாள் என்பது தெரிந்தது. இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் ஒரு திட்டுக்கூட வீணாகாமல் வாங்கியவர், இந்த ஒன்று என்ன என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார். அந்த முழியைப் பார்த்து அவள் பாதியில் நிறுத்தினாள். அப்புறம் அவர் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

வலது காது சில நாளில் திரும்பியது. இடது காது திரும்பவில்லை. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார்.

"எடுத்துக்குவார்" என்றாள் மனைவி. "அந்தப் பெட்டியைச் சரி பண்ணிட்டு."

அவர் வேலைக்குப் போனார். முதல் நாள் புதுப் படலத்தைக் கையில் எடுத்தார். கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுவிட்டு, மறுபடி எடுத்தார். ஈரமேறிய ஒவ்வொரு துண்டையும் கழற்றித் துடைத்துக் காயவைத்தார். ஒற்றைக் காதில் எந்திரத்தின் தாளம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. அதனால் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, துடிப்பைத் தொட்டுத் தெரிந்துகொண்டார். எலெக்ட்ரீஷியன் கேலியை எல்லாம் மறந்துவிட்டுக் கூடவே இருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமானால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து சொன்னார்.

பெட்டி குளிர்ந்தது. தட்டு மேகத்தை நோக்கித் திரும்பியது. எல்லோரும் திரையின் முன் கூடி நின்றார்கள்.

நீராவித் தடத்தில் தட்டைக் கோடு.

தட்டை விலக்கினார்கள், திருப்பினார்கள். எப்படித் திருப்பினாலும் தட்டைக் கோடுதான். கத்திக்கொண்டிருந்தது வந்த வேகத்தில் அடங்கிவிட்டிருந்தது. "செத்துப் போச்சா மேடம்?"

"இல்ல, இல்ல. ஒரு வாய் பெருசா விழுங்கிச்சு, அதான் கத்திச்சு. அடுத்த வாய் எப்ப விழுங்கும்னு தெரியாது." மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுவும் நாம கேட்டது பழைய சத்தம் மெக்கானிக். அங்கிருந்து கிளம்பி இங்க வரவே ஆயிரக்கணக்கா வருஷம் ஆகியிருக்கு."

"ஆயிரக்கணக்கிலயா? அப்ப இந்நேரம் அது வளர்ந்திருக்குமே!"

"அதுக்கு அது மத்தியானத் தூக்கம். இன்னும் கைக்குழந்தைதான்."

அவர்கள் செவிடாகிக் கிடந்த வாரங்களில் வேறொருவர் சும்மா இருக்கவில்லை. தூசுக்குள் ஊடுருவி வெப்பத்தைப் பார்க்கிற புதிய தொலைநோக்கி ஒன்று விண்வெளியில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கத்தலைக் கேட்ட பிறகு அதையும் அந்தக் கறுப்புத் திட்டுக்குத் திருப்பியிருந்தார்கள். படம் ஒரு சாயங்காலம் வந்து சேர்ந்தது. மேடம் அதைத் திறக்கும்முன், "மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றார். இந்தத் தடவை குரலில் பழி இல்லை.

திரையில் முதலில் மங்கலான சிவப்புப் புகை. புகைக்குள் நூல்கள். நூல்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு பெரும்புள்ளி, சுடர்விட்டுக்கொண்டு. அதை ஒட்டி இன்னொன்று. அதன் பக்கத்தில் நாலைந்து. மேடம் படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்க ஆக்கப் புள்ளிகள் கிளம்பிக்கொண்டே இருந்தன. புற்றைக் கிளறினால் எறும்பு வருவதுபோல். ஓட்டை என்றார்களே, தூங்குகிறது என்றார்களே, அந்த மை இருட்டுக்குள் ஒரு பிரசவ வார்டே நிரம்பி வழிந்தது.



"நான் சொன்னது தப்பு" என்றார் மேடம். யாரிடமும் இல்லை, படத்திடம். "பூராவும் தப்பு." சொல்லிவிட்டு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை.

காத்துப்புடுங்கி படத்தைத் தொடாமல் விரலால் காட்டினார். "இத்தனை புகை மிச்சம் இருக்கே மேடம். இதெல்லாமும் விண்மீன் ஆகிடுமா?"

"ஆகாது. நூறுல ஏதோ கொஞ்சம் பங்குதான் ஆகும். இதோ, பெருசா இருக்கே, இது சூடேறி எரிய ஆரம்பிச்சதும் இதோட வெளிச்சமும் காத்தும் மிச்ச வாயுவை எல்லாம் வெளிய தள்ளிடும்."

"எங்க?"

"சுத்திலும். மேகமே கலைஞ்சு போயிடும். மேகம் போனா இதுங்களைக் கட்டிப்பிடிச்சு வெச்சிருக்கற கனமும் போயிடும். அப்புறம் ஒவ்வொண்ணும் ஒரு திசை."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். டிப்போவில் மனைவியின் கடைசி நடை முடிந்திருந்தது. காலிப் பேருந்தின் படியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிக் காலை நீவிக்கொண்டிருந்தாள். தன் வலது பக்கம் அவர் உட்கார இடம் விட்டு நகர்ந்தாள். உடனே நினைவு வந்து, எழுந்து அவருடைய கேட்கிற காதின் பக்கம் மாறி உட்கார்ந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஏதாவது நையாண்டி வரும் என்று காத்திருந்தார்.

அவள் நீவிய கையை நிறுத்தியிருந்தாள்.

"இருங்க. பெத்த மேகத்தைப் பொறந்ததுங்களே ஊதித் தள்ளிடுதுங்களா?"

"ஆமா."

"வேணும்னேவா?"

"வேணும்னே இல்லடி. அதுங்க எரியுதுங்க. எரிஞ்சா மேகம் நிக்காது."

"அப்புறம் அதுங்களும் ஒண்ணையொண்ணு பாக்காதா?"

"பாக்காது."

அவள் ஒரு பூட்ஸைக் கையில் பிடித்தபடியே டிப்போவின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரண்டு பேருக்குமே சாப்பாடு இறங்கவில்லை. படுக்கப்போகும்முன் அவள் தன் அண்ணனுக்குப் போன் பண்ணி, ஒரு காரணமும் சொல்லாமல், சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

மேடம் தன் பழைய கட்சியைத் தானே உடைத்துக் கட்டுரை எழுதினார். அது அச்சில் வந்ததும் எலெக்ட்ரீஷியன் வாங்கிப் படித்து, ஒரு இடத்தில் நின்று, முகம் சிவக்க அதை அவர்முன் நீட்டினார். 'கருவிப் பழுதினால் அடுத்த சில வாரங்களுக்குத் தரவு இல்லை' என்று ஒரே ஒரு வரி.

"ஒரு காது போயிருக்கு மேடம். அதுக்கு இவ்வளவுதானா?"

மேடத்தால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அதுல எழுத இடம் கிடையாது. நான் கேட்டுப் பார்த்தேன்."

காத்துப்புடுங்கி அந்த வரியை வாங்கி, கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். உண்மையிலேயே அவருக்குத் திக்கென்றுதான் இருந்தது. அவ்வளவு பெரிய வெடி, அந்த உறைபனி, சத்தமில்லாமல் அசைந்த அத்தனை வாய்கள், எல்லாம் இத்தனை சின்ன வரிக்குள் எப்படி அடங்கிற்று?

"சரியாத்தான் போட்டிருக்கீங்க மேடம்" என்றார். "அந்த வாரம் எனக்கும் ஒண்ணும் கேக்கல."

மேடம் சிரிப்பார் என்று எலெக்ட்ரீஷியன் எதிர்பார்த்தார். மேடம் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, அவருடைய வலது பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த வெடி எப்படி இருந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.